மாடித்தோட்டம் கேள்வி பதில்: கார்த்திகை கழிந்ததும் பாலக்

ஆன்லைனில் வாங்கிய ஸ்பினாச் விதையைச் செப்டம்பரில் போட்டேன். பாதி முளைக்கவே இல்லை. முளைத்ததும் நாலு இலை விட்டுத் தண்டு நீட்டிப் பூத்துவிட்டது. மண் சரியில்லையா?
– வாசகி, திருவொற்றியூர்

மண்ணைத் திட்டாதீர்கள் அம்மா, பாவம். நீங்கள் போட்டது குளிர்நாட்டுக் கீரை. சூடு 30 டிகிரியைத் தாண்டினால் அந்த விதை சரியாக முளைக்காது. தப்பி முளைத்ததும் வெக்கை தாங்காமல் அவசரமாகப் பூவெடுக்கும். நம் மார்க்கெட்டில் பாலக் என்று கட்டுக்கட்டாக வருவது வேறு செடி, பீட்ரூட்டுக்குச் சொந்தம். வெயிலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். விதையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலே தெரியும்: தக்கைத் துண்டுபோலச் சொரசொரப்பாக இருக்கும், ஒன்றுக்குள்ளேயே இரண்டு மூன்று விதை ஒளிந்திருக்கும். அதனால் ஒரே இடத்தில் கொத்தாக நாற்று எழும்பும். வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் கூடவே வந்துவிடும். கத்தரித்த பிஞ்சு பருப்புக்கு ஆகும்.

முதல் தடவை போடுகிறவர்களுக்கு என் ஓட்டு பாலக்குக்குத்தான். 'ஆல் கிரீன்' ரகம் கேட்டு வாங்குங்கள். ராத்திரி ஊறவைத்து, காலையில் அரை அங்குல ஆழத்தில் போட்டால் போதும். ஐப்பசி அடைமழையில் போட்டால் விதை மிதந்து சாக்கடைக்குப் போகும். திருக்கார்த்திகை விளக்கு ஏற்றி முடித்த பிறகு ஆரம்பியுங்கள். அப்போதும் மழையை நம்ப முடியாது, 2023 டிசம்பரில்தானே மிக்ஜாம் புயல் வந்தது! செடிப் பையின் அடி ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பினாச்தான் வேண்டும் என்று பிடிவாதமா? சரி, மார்கழியில், காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கமாக வையுங்கள். நிறைய எதிர்பார்க்காதீர்கள்.

போர் தண்ணீர் உப்பு. இலை ஓரம் கருகுகிறது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீரை ஊற்றலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

வேண்டவே வேண்டாம் தம்பி. மெஷின் பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீர் போகும் மெஷின் என்றால் கேட்கவே வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டுவதில் உப்பு கிடையாது, அடியில் பக்கெட் வையுங்கள். மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள், கொசு வராது. பாலக் வளர்ந்த பிறகு ஓரளவு உப்பைத் தாங்கும், நாற்றாக இருக்கும்போது தாங்காது. அதுவரைக்கும் மெட்ரோ வாட்டர்தான். எங்கள் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் குளிக்க ஒரு பக்கெட்டா செடிக்கு ஒரு பக்கெட்டா என்று தினமும் பஞ்சாயத்து நடக்கும். மண்மேல் வெள்ளையாகப் பூத்தால், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் ஒழுகும்வரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

எப்போது பறிப்பது? லாரித் தூசி இலையெல்லாம் படிகிறதே?
– வாசகி, ராயபுரம்

விதைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகி, இலை உள்ளங்கை நீளம் வந்தால் பறிக்கலாம். வெயில் ஏறுமுன் வெளி இலைகளைக் காம்போடு வெட்டுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள், மறுபடி துளிர்க்கும். இலைக்குள் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போனால் உள்ளே புழு இருக்கிறது. அந்த இலையைக் கிள்ளித் தூரப் போடுங்கள். தூசிக்கு, அகலப் பாத்திரத்தில் அலசி, இலையை மட்டும் அள்ளி எடுங்கள். தண்ணீரைச் சாய்த்தால் அடியில் உட்கார்ந்த மண் திரும்ப இலைமேலேயே விழும். மூன்று தண்ணீராவது மாற்றுங்கள்.

மாசி பிறந்து பூந்தண்டு கிளம்பினால் இலை முற்றிவிடும். வேரோடு எடுத்துவிட்டு, அதே பையில் கொஞ்சம் மண்புழு உரம் கலந்து தண்டுக்கீரை தூவுங்கள். அது சித்திரை வெயிலுக்கும் அசராது.