வாங்குமுன் ஒரு கேள்வி: செத்துச் செத்து ஆடும் விளையாட்டு

கேள்வி: கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில், தாவித் தாவி மலையேறும் செலஸ்டே என்ற விளையாட்டை வாங்கி ஐந்து மணி நேரம் ஆடிவிட்டேன். ஒரே அத்தியாயத்தில் நானூறு முறை செத்திருக்கிறேன். இதைக் குறையுள்ள பொருள் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்கும் குறைவாக இருந்தால் பணம் திரும்பும் என்பது ஸ்டீமின் பொது விதி, நீங்கள் இரு மடங்குக்கு மேல் ஆடிவிட்டுக் கேட்கிறீர்கள். கடினமான விளையாட்டு என்று ஊரெல்லாம் சொன்ன ஒன்றை வாங்கிவிட்டுக் கடினமாக இருக்கிறது என்பது, மலையேறப் போய்ப் பாதை மேடாக இருக்கிறது என்று புகார் எழுதுவதைப் போன்றது.

கேள்வி: நான்கு நாளில் செய்த விளையாட்டாமே, அதற்கு ஏன் முழு விலை கொடுக்க வேண்டும்?

பதில்: மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் 2015-இல் பீகோ-8 என்னும் கற்பனைக் கணினிக்காக நான்கு நாளில் செய்தது சிறிய முன்மாதிரி. நீங்கள் விலை கேட்பது அதை விரித்து 2018 ஜனவரியில் வெளியிட்ட பெரிய விளையாட்டுக்கு. சிறியது இன்றும் இலவசம். முதலில் அதை ஆடிப் பாருங்கள். அதிலேயே எரிச்சல் வந்தால் பணம் மிச்சம்.

கேள்வி: தாவும் பொத்தானைச் சரியான நேரத்தில்தான் அழுத்துகிறேன், ஆனாலும் பள்ளத்தில் விழுகிறேன். விளையாட்டில் பிழையா?

பதில்: இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. செலஸ்டே வெளியில் முரடாகத் தெரிந்தாலும் உள்ளே இரக்கம் உள்ளது: விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை தாவ அனுமதிக்கிறது, தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்துத் தாவுகிறது. இந்தச் சலுகையைத் தின்பது பெரும்பாலும் உங்கள் தொலைக்காட்சிதான். படத்தை மெருகேற்றுகிறேன் என்று ஒவ்வொரு காட்சியையும் தாமதப்படுத்திக் காட்டும் அமைப்புகளைக் கடையிலிருந்து வந்தபடியே விட்டுவிட்டு, விளையாட்டுக்கு ஒரு நட்சத்திர மதிப்பீடு போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடும். தொலைக்காட்சியின் அமைப்புகளில் அந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை இயக்குங்கள். அப்படியும் விழுந்தால் கன்ட்ரோலரைச் சந்தேகியுங்கள். மலிவாகக் கிடைத்தது என்று நான் வாங்கிய ஒன்றில், மேல் திசையை அழுத்தினால் மேலும் வலமும் சேர்ந்து பதிவாகும். மேலே பாய வேண்டிய விளையாட்டின் நாயகி மேடலின் மூலையாகப் பாய்ந்து முள்ளில் சொருகிக்கொள்வாள். என் விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன்.

கேள்வி: உதவி முறையை இயக்கி ஆடினால் ஏமாற்று வேலையா?

பதில்: இல்லை. வேகத்தைப் பாதி வரை குறைக்கவும், சாகாமல் ஆடவும் அதைச் செய்தவர்களே வைத்த வசதி அது. காசு கொடுத்தவர் நீங்கள்.

கேள்வி: கடைசி அத்தியாயம் தனியாக விற்கப்படுகிறது என்று ஓர் இணைய விற்பனையாளர் சொன்னதை நம்பிப் பணம் கட்டினேன். அவர் அனுப்பிய குறியீடு வேலை செய்யவில்லை. கடிதத்துக்கும் பதில் இல்லை.

பதில்: உங்கள் மீது தவறில்லை, இது தெரிந்தே செய்த மோசடி. 2019 செப்டம்பரில் வந்த அந்த அத்தியாயம், விளையாட்டை வைத்திருப்பவர் எல்லோருக்கும் இலவசம். கட்டணம் செலுத்திய அட்டை நிறுவனத்திடம் இன்றே தகராறு பதியுங்கள். விளம்பரத்தின் படத்தையும் அனுப்பிய கடிதங்களையும் இணையுங்கள், தாமதித்தால் அதற்கான காலக்கெடு தாண்டிவிடலாம்.

கேள்வி: 2018-இல் சிறந்த சுயாதீன விளையாட்டு விருது பெற்றதாம். பத்து வயது மகனுக்கு வாங்கலாமா?

பதில்: விருதுக்காக வாங்காதீர்கள். மனப்பதற்றத்தோடு போராடும் ஒரு பெண் மலையேறும் கதை அது. அவனோடு நீங்களும் உட்கார்ந்து ஆடுவதானால் வாங்கலாம்.

கேள்வி: நின்டெண்டோவின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியில் வாங்கினால் கணினியிலும் ஆடலாம்தானே?

பதில்: முடியாது. இரண்டு முறை வாங்கியவன் சொல்கிறேன்.