தபாலட்டைபோல இருப்பதற்கு லென்ஸ் காரணமல்ல

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலச் சிற்றூர்களில் எடுத்த உணவகங்கள், பெட்ரோல் நிலையங்கள், கொடிகள் எல்லாம் சுற்றுலாத் தபாலட்டைபோல வருவதாகவும், வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருக்கும் 35 மி.மீ. லென்ஸே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். குறை பெரும்பாலும் தேர்வில்தான். புதிதாக வந்தவர் கண்ணில் முதலில் படுவது வினோதமான பொருள். அதையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தால் மனிதர்கள் பின்னணியாகிவிடுவார்கள்.

சுவிட்சர்லாந்திலிருந்து வந்த புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955, 1956-இல் குகன்ஹைம் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் அமெரிக்காவைச் சுற்றி ஏறத்தாழ 27,000 படங்கள் எடுத்தார். சுமார் 1,000 படங்களை அச்சிட்டுப் பார்த்து, கடைசியில் 'தி அமெரிக்கன்ஸ்' நூலில் வைத்தவை 83 மட்டுமே. கொடிகள் அவரிடமும் உண்டு. ஆனால் நியூ ஜெர்சியின் ஹோபோகன் நகரில் எடுத்த படத்தில் கொடி, ஜன்னலில் நிற்கும் பெண்ணின் முகத்தை மறைக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் டிராம் படத்தின் ஜன்னல்களில் வெள்ளையர் முன்னால், கறுப்பினத்தவர் பின்னால். அந்த ஜன்னல் வரிசையை எத்தனை முறை பார்த்தாலும் என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை.

உங்கள் படங்களில் ஐம்பதைச் சிறிதாக அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் அந்த வினோதப் பொருளைக் கையால் மறையுங்கள். மீதியில் யாராவது யாரையாவது பார்க்கிறார்களா, எதற்காவது காத்திருக்கிறார்களா? ஒன்றுமே மிஞ்சாத படத்தைத் தள்ளிவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பொதுத் தெருவில் நின்று படமெடுக்க அமெரிக்கச் சட்டம் பொதுவாக இடம் தருகிறது; உணவகத்துக்குள் உரிமையாளர் சொல்வதே முடிவு. அயலார்மீது சந்தேகமும் எழலாம். ஃபிராங்கையே 1955 நவம்பரில் ஆர்கன்சாவில் காவலர்கள் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். அடையாள அட்டையை உடன் வைத்திருங்கள்.