அந்த 'அண்ணனுக்கு' ஒரு ரூபாயும் வேண்டாம்

கேள்வி: அடிதடி வழக்கில் கைதான என் 20 வயதுத் தம்பி வேலூர் மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். மனு பார்க்க, அதாவது அவனைச் சிறையில் சந்திக்கப் போனால், "உள்ளே ஓர் அண்ணன் என்னைப் பார்த்துக்கொள்கிறார்" என்கிறான். இப்போது அந்த அண்ணனின் ஆள் என்று ஒருவர் வீட்டுக்கு வந்து பணம் கேட்கிறார். கொடுக்காவிட்டால் தம்பியை அடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஓர் அக்கா, பேரணாம்பட்டு

பதில்: அன்புச் சகோதரி, பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்த வீட்டுக்கு அவர்கள் மறுபடியும் வருவார்கள்.

புதிதாக உள்ளே போகிற பையனுக்குப் படுக்க நல்ல இடம், சோப்பு, பீடி, ஆறுதலாக நான்கு வார்த்தை எல்லாம் கிடைக்கும். யாரும் விலை சொல்ல மாட்டார்கள். பிறகு ஒருநாள் கைபேசியை ஒளித்து வைக்கச் சொல்வார்கள், எதிர்க் கோஷ்டிக்காரனை அடிக்கச் சொல்வார்கள். அரசு காப்பாற்றாது என்று கைதிகள் நம்பத் தொடங்கும் இடத்தில்தான் கும்பல் வளர்கிறது. பிரேசிலின் கராண்டிரு சிறையில் 1992-இல் போலீஸார் 111 கைதிகளைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே, கைதிகளைக் காப்போம் என்று சொல்லிக்கொண்டு பி.சி.சி. என்ற கும்பல் பிறந்தது. இன்று அந்நாட்டையே ஆட்டிவைக்கிறது.

ஆகவே பாதுகாப்பை அரசிடமே கேளுங்கள். அது உங்கள் தம்பியின் உரிமை. 21 வயதுக்குட்பட்டவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும், விசாரணைக் கைதியைத் தண்டனைக் கைதியோடு வைக்கக் கூடாது என்று 1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. இதைக் குறிப்பிட்டு, வேறு பிளாக்குக்கு மாற்றும்படி சிறைக் கண்காணிப்பாளருக்கும் நீதிமன்றத்துக்கும் வழக்கறிஞர் மூலம் எழுத்தில் மனுக் கொடுங்கள். நீதிமன்றம் காணொலியில் அவன் காவலை நீட்டிக்கும்போது தம்பியே இதைப் பேசட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் நிற்பவர்கள் காதிலும் அது விழும்.

ஜாமீனை இன்னும் அவசரமாகப் பாருங்கள். ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்கள் தவிர்த்த வழக்குகளில், முதல்முறை சிக்கியவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டாலே பிணையில் விட வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு. ஆனால் வேறு வழக்கும் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. 'அண்ணனுக்காக' உள்ளே ஒருவனை அடித்து, அதற்கொரு வழக்கு விழுந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அடுத்த முறை தொரப்பாடியில் இருக்கும் சிறைக்குப் போகும்போது தம்பிக்கு இதைப் புரியவையுங்கள். மனு பார்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். தேடி வர ஆளில்லாத பையன்தான் இவர்களுக்கு எளிதில் கிடைப்பவன்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணை அழையுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். வீட்டுக்கு வந்தவரின் பெயர், வண்டி எண், வந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகலை, பிளாக் மாற்றக் கேட்கும் அந்த மனுவோடு இணையுங்கள்.