டாக்டர் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் 11ஆம் வகுப்பு. இங்கே இடம் கிடைக்காவிட்டால் வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியாவது டாக்டராக்கு என்கிறார் பெரியப்பா. அவளோ உம்லங்கா கடற்கரைப் பாறைகளில் மஸ்ஸல் சிப்பி அளந்து நோட்டில் எழுதுகிறாள். உங்கள் கவலை நியாயம். ஆனாலும் வீட்டை அடமானம் வைக்காதீர்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பினாலும் இங்கே தேர்வெழுதி மருத்துவக் கவுன்சிலில் பதிந்தால்தான் தொழில் செய்யலாம். அதுவரை தவணை கட்டப்போவது பெரியப்பா இல்லை.

அவள் செய்வது விளையாட்டும் இல்லை. மஸ்ஸல் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கடல்நீரை வடிகட்டித் தின்னும். நீரில் கலந்த உலோகம் அதன் சதையில் சேரும். கேப் டவுன் பக்கம் 1985 முதலே இதை வைத்துக் கடலைக் கண்காணிக்கிறார்கள். 2022 வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி டர்பன் கடற்கரைகளை மூடியது உங்களுக்கே தெரியும்.

அளவு சரியாக வரவேண்டும். கடல் அதிகம் உள்வாங்கும் பெரிய வற்றம் பார்த்து, பாறையின் ஒரே மட்டத்தில், 50 முதல் 60 மில்லிமீட்டர் வரையிலான பழுப்பு மஸ்ஸல் 30 எடுக்கட்டும். மேல்மட்டத்துச் சிப்பி நீரில் இருக்கும் நேரம் குறைவு, வளர்ச்சியும் குறைவு. இரண்டையும் கலந்தால் கணக்கு பாழ். ஓட்டில் ஒட்டி வளரும் கொட்டலசு என்ற சிறு உயிர்களைச் சுரண்டிவிட்டு, வெர்னியர் காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியின் பூஜ்யத்தைச் சரிபார்த்து நீளம், உயரம், தடிமன் மூன்றையும் 0.1 மில்லிமீட்டர் வரை எழுதவேண்டும். சதையை 60 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, ஓட்டின் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சிப்பியின் தேக நிலை, அதாவது எவ்வளவு சதைப்பிடிப்பு என்பது, தெரியும். அந்த எண் சரிந்ததும் மாசு என்று கத்திவிடக்கூடாது. முட்டையிட்ட பிறகும் சதை வற்றும், ஆகவே போன வருடத்து அதே மாதத்தோடுதான் ஒப்பிடவேண்டும். நெரிசலில் வளர்ந்தவை ஒடுங்கி நீண்டிருக்கும். எந்த உலோகம் என்பதை ஓடு சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். பறிப்பதற்கு முன் தபால் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கச் சொல்லுங்கள்; ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30தான்.

பல்கலைக்கழக பி.எஸ்சி. பற்றி எல்லோரும் சொல்வார்கள், விடுங்கள். கேப் டவுனில் கேப் பெனின்சுலா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் டிப்ளமோவைப் பாருங்கள். வேலையிடப் பயிற்சியும் பாடத்திலேயே சேர்த்தி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். வேலைகள் குவிந்து கிடக்கவில்லை, உண்மை. நீர் ஆய்வகம், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம், சல்டானா விரிகுடா மஸ்ஸல் பண்ணைகள் என்று தேடிப் போகவேண்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கணிதத்தைக் கைவிட்டு, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் எளிய பாடமான மேத்ஸ் லிட்ரசிக்கு மாற விடாதீர்கள். அப்புறம், ஒரு நாள் அவளைப் படகில் ஏற்றி, குமட்டல் வருகிறதா என்று பாருங்கள்.