கயிறு கட்டிய தேயிலை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஆய்வாளர்கள் சிலர் ஐந்தாறு தேயிலைச் செடிகளைச் சுற்றிக் கயிறு கட்டி உரமிட்டு, ‘நைதரசன்-15 சமதானி’ என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகையை நட்டுச் சென்றார்கள். கதிர்வீச்சாக இருக்குமோ என்று பெண்கள் அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கத் தயங்குகிறார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கி, மானாப்புல் வளர்த்து, மீண்டும் தேயிலை நட்ட மலையிலும் மண் எடுத்தார்கள். புல்தான் போய்விட்டதே, இன்னும் எதைத் தேடுகிறார்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பலகையில் அந்த எண் இருப்பதால் உறுதியாகவே சொல்லலாம்: அஞ்ச வேண்டியதில்லை. ஒரே மூலகத்தின், நிறையில் மட்டும் வேறுபடும் அணுவகைகளைச் சமதானிகள் என்கிறோம். நைதரசன்-15 சிதைவடையாத, அதாவது கதிர்வீச்சை வெளிவிடாத சமதானி. சாதாரண நைதரசனைவிட ஒரு நியூத்திரன் கூடியது, அதனால் சற்றுக் கனமானது, அவ்வளவுதான். நாம் சுவாசிக்கும் வளியின் நைதரசனிலும் 0.37 சதவீதம் அதுவே. காபனுக்கும் இப்படிச் சிதைவடையாத கனமான சமதானி உண்டு: காபனில் 1.1 சதவீதம் காபன்-13 என்பதால், 50 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் அது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். கொழுந்தை நிறுத்துப் பேரும் (முழுநாள் கூலி) அரைப்பேரும் போடுகிற மலையகத்தாருக்குச் சிறு நிறை வேறுபாட்டின் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை. ஆய்வாளரின் தராசுக்குத் திணிவு நிறமாலைமானி என்று பெயர்.

செடி எடுத்துக்கொண்ட நைதரசன் நேற்று இட்ட யூரியாவிலிருந்து வந்ததா, மண்ணில் முன்பே கிடந்ததா என்பதைச் சாதாரணப் பகுப்பாய்வு பிரித்துக் காட்டாது. உரத்தில் நைதரசன்-15இன் பங்கைக் கூட்டி வைத்தால், இலையிலும் வேரிலும் மண்ணிலும் அதை அளந்து, இட்டதில் எவ்வளவு செடிக்குள் சென்றது, எவ்வளவு மண்ணில் தங்கியது என்று கணக்கிடலாம். கணக்கில் வராதது அமோனியா போன்ற வாயுவாகக் காற்றிலோ, நைத்திரேற்றாக மழைநீரோடு சரிவிலோ போயிருக்கும். இந்த உரம் விலை கூடியது என்பதால்தான் ஐந்தாறு செடிகளோடு நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே பறித்த கொழுந்து மற்றதோடு கலந்தால் கணக்குக் குழம்பும் என்பதால்தான் கயிறு.

மானாப்புல் விடயம் எனக்கு இன்னும் பிடித்தமானது, ஏனெனில் அங்கே யாரும் எதையும் இடவில்லை. புல்லே அடையாளம் வைத்துப் போயிருக்கிறது. ஒளித்தொகுப்பின்போது தேயிலை, கனமான காபன்-13ஐ வெகுவாக ஒதுக்குகிறது. மானாவும் குவாத்தமாலாப் புல்லும் சோளத்தைப் போல வேறு வழியில் காபனைப் பிடிப்பவை. அவை அவ்வளவு ஒதுக்குவதில்லை. சர்வதேச நியமத்தோடு ஒப்பிட்டு காபன்-13 ஆயிரத்துக்கு இத்தனை குறைவு என்று சொல்லும் அளவில், தேயிலை போன்றவை பொதுவாக −27ஐ ஒட்டியும் இப்புற்கள் −12, −13ஐ ஒட்டியும் நிற்கும். புல் நடுமுன் மண் −27 ஆகவும், பிறகு −25.5 ஆகவும், புல் −12 ஆகவும் இருந்ததாக வைத்துக்கொள்வோம்: 15 அலகு இடைவெளியில் 1.5 நகர்ந்திருக்கிறது, ஆகவே மண்ணின் காபனில் பத்தில் ஒரு பங்கு புல் கொடுத்தது. இரண்டு ஆண்டு நிலத்தைப் புல்லுக்கு விட்டது மண்ணுக்கு எவ்வளவு சேர்த்தது என்ற கேள்விக்கு இது நேரடியான விடை. ஆனால் ஊவாவின் பதனைகள் எனும் மலைப் புல்வெளிகளைப் போல, தேயிலைக்கு முன்பே புல் வளர்ந்த நிலமாயின் பழைய புல்லின் காபனும் அடியில் இருக்கும்; அதனால் புல் நடாத அயல் மலையிலும் மண் எடுத்தார்களா என்று அவசியம் கேளுங்கள்.

இதே ஒதுக்கல் வறட்சியையும் பதிவுசெய்கிறது. நீர் குறைந்து இலையின் நுண்துளைகளான இலைவாய்கள் ஒடுங்கும்போது, உள்ளே அகப்பட்ட காபனீரொட்சைட்டில் கனமானதையும் செடி ஏற்க நேர்கிறது. 1980களில் அவுஸ்திரேலியரான கிரகாம் ஃபார்குவாரும் சகாக்களும் இதைச் சமன்பாடாக்கினார்கள். அதன் வழியே நீரைச் சிக்கனமாகச் செலவிடும் கோதுமை இனமும் அங்கே உருவானது. தேயிலையில் இதைச் செய்வோர் கொழுந்தையும் முற்றிய இலையையும் கலக்காமல், ஒரே வயதுடைய இலைகளையே ஒப்பிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாச் சமதானிகளும் இப்படிப்பட்டவை அல்ல. பொசுபரசுக்குச் சிதைவடையாத வடிவம் ஒன்றே ஒன்றுதான். உரத்தின் பொசுபரசைப் பின்தொடரப் பயன்படும் பொசுபரசு-32, ஏறத்தாழ 14 நாள் அரைவாழ்வுடைய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள், அதற்குரிய பாதுகாப்பு விதிகளும் வேறு. ஆகவே எந்தப் பலகையிலும் மூலகத்தின் பெயரையும் எண்ணையும் பார்க்குமாறு உங்கள் மாணவருக்குச் சொல்லிக்கொடுங்கள். அதைப் படிக்க வேண்டிய பெண்கள் தமிழ் வாசிப்பவர்கள் என்பதை ஆய்வாளருக்கும் நினைவூட்டுங்கள். பலகையில் இரண்டு வரி தமிழுக்கு இடமிருக்கும்.