மலையில் சுடும் பலகாரம், மிலாறில் கட்டும் நட்சத்திரம்: கேள்வி பதில்

தீபாவளிக்கு முன்னால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன. ஐப்பசி பிறந்தால் ஆர்டருக்குப் பலகாரம் சுடுவதும், மற்ற மாதங்களில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கைவேலை பழக்குவதும்தான் என் தொழில். தெரிந்ததை விரிவாகச் சொல்கிறேன். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருப்பதால் சிலருக்கு ஒரு வரிதான் கிடைக்கும். கோபிக்க வேண்டாம்.

நுவரெலியாவிலிருந்து: அக்கா, கொழும்பில் இருக்கும் நாத்தனார் சொன்னபடி வெப்பமானி வைத்து, பாகு 114 டிகிரி வந்ததும் இறக்கி அதிரசம் சுட்டேன். கல் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த தடவை பாகை முன்னாலேயே இறக்கினேன். அது எண்ணெயில் பிரிந்து தூளாகிவிட்டது. எங்கே பிழை?

பதில்: இரண்டு பிழை, தங்கச்சி. இரண்டுமே நீங்கள் இருக்கும் மலையால் வந்தவை.

முதலாவது பாகு. கொழும்பில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஹட்டனில் 96. மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகுக்கும் இதே கணக்கு. கொழும்பில் 114 காட்டும் பாகின் பதம் உங்கள் வீட்டில் 108இலேயே வந்துவிடும். நீங்கள் 114 வரை விட்டதால் தண்ணீர் அளவுக்கு மேல் வற்றி, அதிரசம் கல்லாகிவிட்டது.

வெப்பமானியை எடுத்து வையுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து ஒரு சொட்டுப் பாகு விடுங்கள். விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும், தட்டில் போட்டால் சத்தம் கேட்கக் கூடாது. அதுதான் பதம். இன்னொன்று: விடிகாலையில் நம் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். அதில் விட்டால் இளம்பாகுகூட உருண்டு நின்று உங்களை ஏமாற்றும். கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்து குளிர்ச்சியைப் போக்கிவிட்டுச் சோதியுங்கள்.

இரண்டாவது மா. ஐப்பசியில் மத்தியானம் திரும்பினால் இடியும் மழையும்தான். ஊறிய பச்சரிசியைத் துணியில் விரித்தாலும் ஈரம் போகாது. அந்த ஈர மாவில் இளம்பாகும் சேர்ந்ததால் எண்ணெயில் பிரிந்தது. காலையிலேயே அரிசியை வடித்து, அடுப்படியின் வெதுவெதுப்பில் விரியுங்கள். இடித்த மாவை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். பிடித்த உருவம் நிற்க வேண்டும், கட்டைவிரலால் தள்ளினால் பொலபொலவென்று உதிர வேண்டும். உதிராமல் அப்பிக்கொண்டால் இன்னும் உலர விடுங்கள். பாகில் போட்டுக் கிளறிய மாவைக் கொழும்பில் ஒரு நாள் வைத்தால் போதும். இந்தக் குளிருக்கு இரண்டு, மூன்று நாள் மூடி வைத்துச் சுட்டால்தான் மெது இறங்கும்.

சுட்ட அதிரசத்தைச் செய்தித்தாளில் போட்டு எண்ணெய் வடிக்காதீர்கள். சூடான எண்ணெய் அச்சுமையைப் பலகாரத்துக்குள் இழுத்துவிடும். கண்ணறைத் தட்டு, இல்லாவிட்டால் சுத்தமான வெள்ளைத் துணி.

தலவாக்கலையிலிருந்து: முறுக்கு இரண்டாம் நாளே நமத்துப் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நிறம் வந்ததும் எடுத்துவிடுகிறீர்கள். நிறத்தை நம்பாதீர்கள், நுரையைப் பாருங்கள். முறுக்கைச் சுற்றி வரும் நுரை உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறுவதுதான். நுரை அடங்கிச் சலசலப்பு ஓய்ந்தால் உள் ஈரம் போய்விட்டது. நெருப்பைக் கொஞ்சம் தணித்து நிதானமாகச் சுட்டால் மேல் கருகுவதற்கு முன் உள்ளும் காயும். ஆறியதும் அன்றைக்கே பேணியில் போட்டு மூடிவிடுங்கள். ராத்திரி திறந்து வைத்தால் பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து முறுக்கில் இறங்கும். நமத்ததை வெறும் சட்டியில் சிறு தீயில் புரட்டி எடுத்தால் ஓரளவு மீளும்.

கண்டியிலிருந்து: போன வருடம் நீங்கள் கோதுமை மா முறுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். அரிசி மாவும் உளுந்தும் சேர்த்துச் செய்வதுதான் முறுக்கு. கோதுமை மாவில் செய்வது வசதிக்காகச் செய்கிற பதிலி. அதைப் பிள்ளைகளுக்கு நம் பலகாரம் என்று பழக்கலாமா?

இந்தக் கேள்வியைப் போட்ட அன்றே கீழே பதில்கள் குவிந்துவிட்டன. மஸ்கெலியாவிலிருந்து ஒரு அண்ணன், "என் அம்மா சுட்ட முறுக்கைப் பதிலி என்று சொல்ல இவர் யார்?" என்று கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அக்கா, தன் ஊரிலும் கோதுமை மாவை அவித்து அரித்துத்தான் முறுக்குப் பிழிவார்கள் என்கிறார். கண்டிக்காரர் மறுபடியும் வந்து, "பழக்கம் இருக்கலாம், மூலம் அரிசிதான்" என்று நிற்கிறார்.

பதில்: மூலம் அரிசி என்பதை நான் மறுக்கவில்லை, ஐயா. பதிலி என்ற சொல்லைத்தான் மறுக்கிறேன். தோட்டத்தில் கோதுமை மா வெறும் வசதிப் பொருளாக இருந்ததில்லை. காலையில் மலைக்கு ஏறும் முன் தட்டிய ரொட்டிதான் நம்மவர்களின் வயிற்றைக் காப்பாற்றியது. 1973, 74 பஞ்சத்தில் அந்த மாவுக்கே வழியில்லாமல் கிடந்ததை என் அம்மா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த மாவு கைக்கு வந்த வருடங்களில், தீபாவளி முற்பணத்தில் எண்ணெயும் எள்ளும் வாங்கி அதையே பலகாரமாக்கினார்கள். கொடுத்த மாவைக்கொண்டு பண்டிகையை நடத்திக் காட்டிய கை அது.

கைத்திறன் என்று பார்த்தாலும் அது குறைந்ததல்ல. கோதுமை மாவைப் பச்சையாகப் பிசைந்தால் இழுவை வரும். பிழிந்து சுட்டால் தோல் மாதிரி இழுபடும். அதனால் மாவைத் துணியில் முடிந்து, தண்ணீர் படாமல் ஆவியில் அவிக்கிறோம். அந்தச் சூட்டில் மாவின் புரதம் மாறி, பிறகு தண்ணீர் ஊற்றினாலும் இழுவை பிடிக்காது. முறுக்கு மொறுமொறுவென்று உடையும். யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்குக் கும்பிடு போடுகிறேன்.

என் அளவு: கோதுமை மா 500 கிராம், வறுத்துத் திரித்த உளுந்து மா 125 கிராம், எள் ஒரு மேசைக்கரண்டி, ஓமம் ஒரு தேக்கரண்டி, உப்பு, மிளகாய்த்தூள். மாவை 40 நிமிடம் அவியுங்கள், நுவரெலியாப் பக்கம் ஒரு மணித்தியாலம். முடிச்சைப் பிரித்தால் பாறை மாதிரி கட்டியாக இருக்கும். பயப்படாதீர்கள். சூடு ஆறுவதற்குள் உடைத்து அரித்துவிடுங்கள், ஆறினால் உடையாது. தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து பிழியுங்கள். நுரை அடங்கியதும் எடுங்கள். செய்தித்தாளில் போடாதீர்கள்.

இதை நம் பலகாரம் என்றே பிள்ளைகளுக்குப் பழக்குவேன். அரிசி முறுக்கையும் பழக்குவேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து: முறுக்கு நமத்துப் போகிறது...

பதில்: தலவாக்கலைக்குச் சொன்னதுதான். நுரை.

கொட்டகலையிலிருந்து: அம்மாவுக்கு நீரிழிவு. சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி போட்டால் தாராளமாகச் சாப்பிடலாமா?

பதில்: கருப்பட்டியும் இனிப்புத்தான், மகள். எவ்வளவு சாப்பிடலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள், நான் சொல்லக் கூடாது.

லிந்துலையிலிருந்து: நத்தாருக்குப் பிள்ளைகளோடு நட்சத்திரக் கூடு கட்ட ஆசை. கடையில் விற்பது விலை. ஈர்க்கும் இங்கே கிடைப்பதில்லை.

பதில்: ஈர்க்கு எதற்கு? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட குச்சி, கிடக்கும், கேட்டு எடுத்து வாருங்கள். விறகுக்குப் போகிற அந்தக் குச்சியில் நேராக இருப்பவற்றைப் பொறுக்கி, ஒரே நீளமாகப் பத்து வெட்டுங்கள். பட்டை உரியும் குச்சிகளைச் சுரண்டிவிடுங்கள், பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை அதுதான். ஐந்தைக் கொண்டு ஒரு நட்சத்திரம் கட்டுங்கள். குச்சிகள் ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாகப் போனால் நூல் கட்டும் முன்னரே பிடித்துக்கொள்ளும். அதேபோல இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ஐந்து முனைகளிலும் கட்டி, உள்ளே குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களில் விரல் நீளத் துண்டுகளைக் குறுக்கே நிறுத்தினால் வயிறு உப்பிக் கூடாகிவிடும்.

பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கோப்பை கொதிநீரில் ஊற்றிக் கிண்டுங்கள். கண்ணாடி மாதிரி வந்ததும் இறக்குங்கள். மெல்லிய கலர்க் கடதாசியை ஒட்டி, காயும்வரை அடுப்படியில் தொங்கவிடுங்கள்.

இனிக் கவனமாகக் கேளுங்கள். கூட்டுக்குள் மெழுகுவர்த்தி வைக்காதீர்கள். எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டு முன் திண்ணையில், அதாவது இஸ்தோப்பில், தொங்கிய கூடு காற்றில் சாய்ந்து பிடித்துக்கொண்டது. மேலே கொடியில் காய்ந்த கம்பளிக்கும் தாவியது. அப்பா வாளித் தண்ணீரோடு ஓடி வந்ததால் ஒரு மூலைத் தகரம் கறுத்ததோடு போயிற்று. லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு காம்பராவில் (அறையில்) நெருப்புப் பிடித்தால் அது கூரை வழியே வரிசை முழுக்க ஓடும். பேட்டரியில் எரியும் சின்ன லைட் போதும்.

ஹப்புத்தளையிலிருந்து: எங்கள் கூடு பெரியது, மெழுகுவர்த்தி வைக்கலாமா?

பதில்: வேண்டாம்.

ராகலையிலிருந்து: மழையில் கோலம் கரைகிறது. முறுக்கும் நமத்துப் போகிறது.

பதில்: கோலத்தை இஸ்தோப்புக்குள் போடுங்கள். முறுக்குக்கு மேலே இரண்டு தடவை எழுதிவிட்டேன், தயவுசெய்து வாசியுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: கச்சான் (நிலக்கடலை) அல்வா பல்லில் ஒட்டுகிறது.

பதில்: பாகின் பதம் போதவில்லை. தண்ணீரில் விட்ட சொட்டு வளையாமல் பட்டென்று உடைய வேண்டும். அதற்குப் பிறகு கச்சானைப் போடுங்கள்.

நானுஓயாவிலிருந்து: பட்டாசு எங்கே மலிவு?

பதில்: அது எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை, தம்பி.

அக்கரப்பத்தனையிலிருந்து: பொங்கலுக்குச் சர்க்கரை போட்ட பிறகு எவ்வளவு நேரம் எரித்தாலும் அரிசி நறுக்கென்றே இருக்கிறது.

பதில்: சர்க்கரை விழுந்த பிறகு அரிசி வேகாது. நம் உயரத்தில் அரிசி வேகவே நேரம் பிடிக்கும். பயறும் அரிசியும் விரலில் மசியும்வரை காத்திருந்து, கடைசியில் பாகை ஊற்றுங்கள். முதல் நாள் இரவே பயற்றை வறுத்து வைத்துக்கொண்டால் விடிகாலைக் குளிரில் ஒரு வேலை குறையும்.

வெலிமடையிலிருந்து: என் மகளுக்கு ஆறு வயது. மண் விளக்குச் செய்து பார்த்தோம், எண்ணெய் கசிந்துவிட்டது. சின்னப் பிள்ளை செய்யக்கூடிய விளக்கு ஏதாவது இருக்கிறதா, அக்கா?

பதில்: சுடாத மண் கசியத்தான் செய்யும். தோடம்பழத்தில் செய்யுங்கள். பழத்தின் இடுப்பைச் சுற்றித் தோலை மட்டும் நீங்கள் கீறிக் கொடுங்கள். மகள் விரலை உள்ளே விட்டு மெல்லச் சுளையைப் பிரித்தெடுக்கட்டும். காம்புப் பக்கப் பாதியில், நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டு அறுந்துவிடாமல் நிற்க வேண்டும், அதுதான் திரி. ஒரு நாள் காய விட்டு, தேங்காயெண்ணெயைத் தண்டின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி ஊற்றுங்கள். நுனி எண்ணெயில் நன்றாக ஊறிய பிறகு பற்ற வையுங்கள். முதலில் அடம் பிடிக்கும், இரண்டு மூன்று குச்சி செலவாகும். சாசரில் வைத்து ஏற்றுங்கள், எரியும்வரை நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். இரண்டு மூன்று பழம் வாங்குங்கள், முதல் தண்டு அநேகமாக அறுந்துபோகும். சுளையை மகளுக்கே கொடுத்துவிடுங்கள்.