சதுர அடி ரேட்டுக்குள் என்னென்ன வர வேண்டும்?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் சிறிய அளவில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். வருஷத்துக்கு மூன்று வீடு. போன வீடு 1,000 சதுர அடி. பொருள், கூலி சேர்த்து 20 லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டு, மேலே 15 சதவீதம் லாபம் வைத்து 23 லட்சத்துக்குப் பேசினேன். வேலையும் 20 லட்சத்தில்தான் முடிந்தது. ஆனால் சாவி கொடுத்த பிறகு பார்த்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. சூப்பர்வைசருக்கு மாதம் 18,000, சென்ட்ரிங் ஷீட் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் தகடு), மிக்ஸர் வைத்திருக்கும் கொட்டகைக்கு வாடகை 6,000, பெட்ரோல், போன் 7,000, என் வீட்டுச் செலவுக்கு 30,000 எடுப்பேன். ஆடிட்டருக்கு வருஷம் 30,000, மெஷின் ரிப்பேர், பழைய ஷீட் மாற்றுவது 60,000. இவ்வளவுதான். அந்த 3 லட்சம் எங்கே போனது? அடுத்த வீட்டுக்கு என்ன ரேட் சொல்வது?

பதில்: 3 லட்சத்தை யாரும் ஏமாற்றி எடுக்கவில்லை. உங்கள் தொழிலை நடத்தியே அது தீர்ந்துவிட்டது. நீங்கள் எழுதியதையே வருஷக் கணக்காகக் கூட்டுங்கள். சூப்பர்வைசர் 2,16,000, கொட்டகை 72,000, பெட்ரோல், போன் 84,000, உங்கள் சம்பளம் 3,60,000, ஆடிட்டர் 30,000, மெஷின் 60,000. மொத்தம் 8,22,000. எந்த வீட்டின் பில்லிலும் வராத இந்தச் செலவுக்குத்தான் ஓவர்ஹெட் என்று பெயர். மூன்று வீட்டுக்கும் பொருள், கூலி 60 லட்சம் என்றால், இது அதில் 13.7 சதவீதம். 20 லட்சம் வீட்டின் தலையில் 2,74,000 விழுகிறது. நீங்கள் லாபம் என்று நினைத்த 3 லட்சத்தில் மிஞ்சுவது 26,000. அதுவும் ஒரு மழைக்குத் தாங்காது.

15 சதவீதம் என்ற எண்ணைப் பலரும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்விலும் அந்த 15 இருக்கிறது. ஆனால் அங்கே அது ஒப்பந்ததாரரின் லாபம், ஓவர்ஹெட் இரண்டுக்கும் சேர்த்து வைத்தது. உங்களுக்கு ஓவர்ஹெட் மட்டுமே கிட்டத்தட்ட 14 ஆகிறது. கோடிக்கணக்கில் வேலை எடுக்கிறவருக்கு அது சிறிய சதவீதமாகக் கரைந்துவிடும், மூன்று வீடு கட்டுகிறவருக்குக் கரையாது.

இனி ரேட்டுக்கு வருவோம். 20 லட்சத்தில் எதிர்பாராததற்கு 3 சதவீதம், அதாவது 60,000 சேருங்கள். ஓவர்ஹெட் 2,74,000. ஆக 23,34,000. இதுதான் உங்கள் அடக்க விலை; லாபம் இதற்கு மேல்தான் தொடங்குகிறது. வாங்கும் பணத்தில் 8 சதவீதம் நிற்க வேண்டும் என்றால் 23,34,000-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும். 25,37,000 வரும், சதுர அடி 2,537. பலரும் வகுக்காமல் 8 சதவீதத்தை மேலே கூட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் 25,21,000தான் வரும், 16,000 குறையும்.

‘எங்கள் ஊரில் இந்த ரேட் எடுபடாது’ என்பீர்கள். இருக்கலாம். அப்போது லாபத்தை வெட்டுவதற்கு முன், அதே சூப்பர்வைசரை வைத்து வருஷத்துக்கு நான்கு வீடு முடிக்க முடியுமா என்று பாருங்கள். பொருள், கூலி 80 லட்சம் ஆனால் ஓவர்ஹெட் 10.3 சதவீதமாக இறங்கும். ரேட் சுமார் 2,463-க்கு வந்துவிடும், லாபம் அதே 8 சதவீதம். அதுவும் முடியாது, ஊர் ரேட் 2,300-தான் என்றால், அந்த வீட்டை விட்டுவிடுவதே என் ஆலோசனை. ஆட்களைச் சும்மா வைத்திருக்கக் கூடாதே என்று எடுத்த வேலைதான் பலரைக் கம்பிக் கடையில் கடன்காரர் ஆக்கியிருக்கிறது.

அடுத்து, அந்த 20 லட்சமே எப்படி வந்தது என்பது. போன வீட்டில் சரியாக அமைந்தது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். சதுர அடியால் பெருக்கி வந்த எண் என்றால் நம்பாதீர்கள். ஒவ்வொரு அயிட்டமாக அளவு எடுத்துப் போட வேண்டும். ரூஃப் கான்கிரீட்டையே எடுத்துக்கொள்வோம். 1,000 சதுர அடி, 5 இஞ்ச் கனம் என்றால் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். எம்20 தரக் கான்கிரீட் கலவைக்கு கன மீட்டருக்கு சுமார் 8 மூட்டை சிமென்ட், ஆக 95 மூட்டை. பீம் தனி. இப்போது சென்ட்ரிங் ஷீட் கொஞ்சம் தொய்ந்து, கனம் அரை இஞ்ச் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒன்பது பத்து மூட்டை சிமென்டும் அதற்கான ஜல்லியும் எம்-சாண்டும் உள்ளே போயிருக்கும். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நூல் பிடித்து லெவல் பார்க்கும் மேஸ்திரிக்கு ஒரு நாள் கூலி கூடவே கொடுக்கலாம்.

மணலில் போவது இன்னொரு வகை. மூன்று யூனிட் என்றால் 300 கன அடி. லாரி வந்ததும் கொட்டவிடாமல், சமப்படுத்தச் சொல்லி உள் நீளம், அகலம், உயரம் டேப்பில் பிடியுங்கள். ஈரமான மணல் உப்பி அதிகமாகத் தெரியும் என்பதையும் கணக்கில் கழியுங்கள். கம்பிக்கு எடைச் சூத்திரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: மில்லிமீட்டரில் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும்.

ஜி.எஸ்.டி. பற்றி நீங்கள் எழுதவில்லை. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டுவதால் பதிவு கட்டாயம். பொருளோடு கட்டிக் கொடுத்தால் 18 சதவீதம், மேலே சொன்ன ரேட்டுக்கு அது தனி. வாடிக்கையாளரிடம் முதலிலேயே ‘வரி தனி’ என்று எழுதிவிடுங்கள். நீங்கள் சிமென்ட், கம்பிக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால், அவற்றை வரி இல்லாத விலைக்கே அடக்கத்தில் போடுங்கள். தனி வீட்டுக்கு வெறும் கூலி கான்ட்ராக்ட் எடுத்தால் அந்தக் கூலிக்கு வரிவிலக்கு உண்டு. சரியான வழியை ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், அவருக்குத்தான் வருஷம் 30,000 கொடுக்கிறீர்களே.

கேள்வி: வீடு கட்ட இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் சதுர அடி 2,150, இன்னொருவர் 2,600. குறைந்ததற்கே கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் ஒப்பிடவே முடியாது. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், லாஃப்ட், மாடிப்படியின் மேல் அறை, கரண்ட் இணைப்புச் செலவு ஆகியவை உள்ளேயா வெளியேயா என்று இருவரிடமும் எழுதி வாங்குங்கள். போர்டிகோவைச் சதுர அடிக் கணக்கில் முழு அளவில் எடுக்கிறாரா, பாதியா என்றும் கேளுங்கள். டைல்ஸ், கதவு, குழாய்ச் சாமான்களுக்கு எந்த விலை வரை என்பது இருக்க வேண்டும். ‘நல்ல டைல்ஸ்’ என்று மட்டும் எழுதினால் கடையில் நிற்கும்போதுதான் சண்டை வரும். 2,150 சொன்னவர் வெளியே விட்டதையெல்லாம் சேர்த்தால் 2,500-ஐத் தாண்டுவது சகஜம்.

அப்படிச் சேர்த்த பிறகும் குறைவாகவே இருந்தால், எப்படிக் கட்டுப்படியாகிறது என்று நேரடியாகக் கேளுங்கள். ‘சென்ட்ரிங் சாமான் சொந்தம், நானே நின்று பார்ப்பேன்’ என்றால் நம்பலாம். ‘பார்த்துக்கலாம் சார்’ என்றால் உங்கள் அட்வான்ஸ் வேறொருவர் வீட்டு ரூஃபுக்குப் போகப்போகிறது என்று அர்த்தம். பணத்தை வேலை முடிந்த கட்டத்துக்கே கொடுங்கள். ஒரு பங்கைக் கடைசியில், நீர்க்கசிவு பார்த்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்தில் சேருங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லாமல் அங்கே போனால் இழுத்தடிக்கும்.

கேள்வி: ஊராட்சி ஒன்றியத்தில் 6 லட்சம் எஸ்டிமேட்டில் ஒரு வடிகால் வேலை. டெண்டரில் 12 சதவீதம் குறைத்துப் போடலாமா?

பதில்: குறைப்பதற்கு முன் பணம் எங்கெல்லாம் மாட்டும் என்று பாருங்கள். இ.எம்.டி. (டெண்டரோடு கட்டும் முன்வைப்பு), பாதுகாப்பு வைப்பு, பில்லில் வருமான வரிக்கு 1 சதவீதம் (தனிநபர் என்றால்), வேலை 2.5 லட்சத்துக்கு மேல் என்பதால் ஜி.எஸ்.டி.க்கு 2 சதவீதம் என்று பிடிப்பார்கள். இவற்றில் பெரும்பகுதி பிறகு திரும்பும் அல்லது வரியில் கழியும், ஆனால் அதுவரை கையில் இருக்காது. பில் தாமதமாகும் மாதங்களுக்கான வட்டியை அடக்கத்தில் சேர்த்து, எஸ்டிமேட் ரேட்டை உங்கள் ஊர் ஜல்லி, கூலி விலையோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் 12 சதவீதம் இடம் இருந்தால் போடுங்கள். நான் பார்த்த வடிகால் வேலைகளில் அவ்வளவு இடம் அபூர்வம். தண்ணீர் ஊறும் இடமா என்று தளத்தைப் போய்ப் பார்க்காமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள்.